நாற்பத்தொன்றாம் நம்பர் முள்ளுச்செடி

நாற்பத்தொன்றாம் நம்பர் செடி பூத்துவிட்டது என்று மலையிலிருந்து விவசாயி சிங்காரம் போன் செய்தபோது ஜெயசுதா மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி இட்லி குழந்தையின் வாயிலும் மீதி அதன் தலைமுடியிலும் இருந்தது. "நெசமாவாண்ணா? எத்தினி பூவு?" என்று கேட்டாள். "பூவ எண்ணி வைக்கச் சொன்னீங்களா இன்னா? செடி பூரா பூவுதாம்மா" என்றார் அவர். போனை வைத்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அவள் மண்டையில் அதற்குமேல் எதுவும் ஏறவில்லை.

ஒரு முள்ளுச்செடி பூத்ததற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று யாருக்கும் தோன்றும். அவள் வீட்டுக்காரன் சதீஸ்குமாருக்கே தோன்றியது. ஒடுகத்தூரில் செல்போன் கடை வைத்திருப்பவன் அவன். "ஆறு வருஷமா முள்ளு பொறுக்கிட்டுக் கீற. இன்னும் எத்தினி முள்ளும்மா பாக்கி?" என்று கேலி செய்வான். கேலி செய்தாலும் பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுபோய் விடுவதும் அவன்தான்.

ரோஜாக் குடும்பம் என்றதும் கல்யாண மாலையை நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆப்பிளும் அந்தக் குடும்பம், பேரிக்காயும் அந்தக் குடும்பம், காட்டோரத்தில் போகிறவர்களின் துணியைப் பிடித்து இழுக்கும் முள்ளுப்பழச் செடியும் அந்தக் குடும்பமே. அந்த முள்ளுச்செடிகளின் பேரினத்துக்கு ரூபஸ் என்று பெயர். அதை வகைப்படுத்தப் போனவர்கள் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. ஒருவர் நாலு சிற்றினம் என்று எழுதுவார், அடுத்தவர் அதையே நாற்பது என்று எழுதுவார், இருவரும் சாகும்வரை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஜவ்வாது மலையில் அந்தப் பேரினத்தில் எத்தனை இனம் இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சொல்வதுதான் ஜெயசுதாவின் பிஎச்.டி.

அவளுடைய கைடு கிருஷ்ணன் சார் ஏற்கெனவே மூன்று என்று எழுதி வைத்திருந்தார். மூன்றில் ஒன்று அவரே கண்டுபிடித்தது. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு வேலியில் அந்தச் செடியைப் பார்த்தார். மேற்கு மலைகளில் வெகுகாலமாகத் தெரிந்த ஒரு பழைய இனத்தைப் போலவே இளஞ்சிவப்புப் பூ, கறுத்த பழம், இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு. ஆனால் பழைய இனத்துக்கு ஒரு காம்பில் ஐந்து சிற்றிலை, இதற்கு மூன்றே மூன்று. ஐந்திலைச் செடி இந்த மலையில் கிடையாது, இது புது இனம் என்று எழுதி, தன் மனைவி ராஜேஸ்வரியின் பெயரை லத்தீன் வால் ஒட்டி அதற்கு வைத்தார். பெண்டாட்டிக்குப் புடவை வாங்கித் தரவே யோசிக்கும் மனுஷன் என்று கல்லூரியில் பெயரெடுத்தவர் செய்த காரியம் அது. அவர் வீட்டு ஹாலில் அந்தச் செடி ஒட்டிய ஷீட்டின் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

போன வருஷம் மார்ச்சில் ஜெயசுதாவுக்குக் குழந்தை பிறந்தது. ஏப்ரலில் மலைக்குப் போக முடியவில்லை. ஏழு மாதம் கழித்து, அக்டோபர் மழை விட்டதும் போனாள். சிங்காரத்தின் சாமைக் கொல்லை வேலியில் ஆள் உயரத்துக்கு வளைந்து நின்ற முள்ளுக்குச்சிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு காம்பிலும் ஐந்து சிற்றிலை. ஐந்திலைச் செடி இந்த மலையில் இல்லை என்று சாரே எழுதியிருக்கிறார், மேற்கு மலைச் செடி இவ்வளவு தூரம் வந்திருக்காது, அப்படியானால் இது யாருமே பார்க்காத இனம் என்று முடிவு கட்டிவிட்டாள். பூ இல்லாமல் புது இனம் என்று எழுத முடியாது. அதனால் ஒன்பது குச்சிகளில் எண் அடித்த அலுமினியத் தகடுகளைக் கம்பியால் கட்டி, பூத்தால் சொல்லச் சொல்லிவிட்டு வந்தாள். நன்றாக வளர்ந்த குச்சிக்குத்தான் நாற்பத்தொன்று விழுந்தது.

சாருக்கு அவளைவிடச் சந்தோஷம். "ஜூன்ல நான் ரிட்டயர் ஆவறேன். மே மாசத்துக்குள்ள சினாப்சிஸ் குடுத்துடு, என் கையெழுத்தோட போவட்டும். என் கடைசி ஸ்டூடண்டு புது இனத்தோட வெளிய போறான்னா அதவிட இன்னா வேணும்?" என்றார். அந்த ஆய்வுச் சுருக்கத்தில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் வேறு கைடைத் தேட வேண்டும், தேடினால் இன்னும் இரண்டு வருஷம். அவளால் இன்னும் இரண்டு வருஷம் தாங்காது. இத்தனையும் அந்த ஒரு செடியின் பூவில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பஸ் மாறி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் சிங்காரத்தின் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலி முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது, கீழ்க்கிளைகளில் பழம்கூட வந்திருந்தது. நாற்பத்தொன்று தகடு வெயிலில் மின்னியது. அது தொங்கிய குச்சியில் பூக்கள் இருந்தன. பூக்களைச் சுற்றி இலைகள் இருந்தன. ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலை.

அவள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். எண்ணினால் கூடிவிடுமா? மூன்றுதான். சாரின் செடி.

"அண்ணா, இந்தத் தகட்ட எதுக்குக் கழட்டி வேற செடியில கட்டுனீங்க?" என்று கத்தினாள். அவளுக்கே தெரியாமல் குரல் ஏறிவிட்டது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சிங்காரம் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "நான் எதுக்கும்மா உன் தகரத்தத் தொடப்போறேன்? கவருமெண்டு தகரம்னு பயந்து, அந்தக் குச்சிங்கள ஆடு மேயாம வேற பாத்துகினு கீறேன். இத்தினி தொலவுலேர்ந்து வந்து என்னியத் திருடன்ற மாதிரி பேசறியே" என்றார். முகம் சுண்டிவிட்டது. மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் ஒருமைக்கு வந்துவிட்டதிலேயே கோபம் தெரிந்தது.

ஜெயசுதா குனிந்து தகட்டைப் பார்த்தாள். கம்பி அவள் முறுக்கிய அதே முறுக்கு, இடப்பக்கமாக மூன்று சுற்று. பட்டை கம்பியைச் சுற்றிக் கொஞ்சம் தடித்திருந்தது. தகட்டுக்குக் கீழே காய்ந்து சுருண்ட ஒரு பழைய இலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதை நனைத்து விரித்தாள். ஐந்து சிற்றிலை. அந்த இலையின் கணுவிலிருந்துதான் பூத்த பக்கக்கிளை கிளம்பியிருந்தது, மூன்று மூன்று இலையோடு. குச்சியின் அடியில் மண்ணை விலக்கியபோது அதே வேரிலிருந்து இந்த வருஷத்துப் புதுத் துளிர் வந்திருந்தது. விரல் நீளம்கூட இல்லை, அதற்குள் ஐந்து சிற்றிலை விரித்துவிட்டது.

"மொத வருஷம் குச்சி சொம்மா வளரும். ரெண்டாம் வருஷம் பக்கத்துல கெள வுட்டுப் பூக்கும், காய்க்கும். அதோட செத்துரும். காஞ்ச குச்சிய நாங்க வெட்டி அடுப்புக்குப் போட்டுருவோம்" என்றார் சிங்காரம். கோபம் இருந்தாலும் கேட்காமலே சொல்லிவிட்டார். "இது தெரியாமயா இத்தினி தகரம் கட்டுன?"

தெரியாது என்று சொல்ல முடியாது. முள்ளுப்பழக் குச்சிக்கு இரண்டு வருஷ ஆயுசு என்று அவள் புத்தகத்தில் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். வேலியில் நிற்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. மற்ற எட்டுத் தகடுகளையும் பார்த்தாள். எட்டிலும் அதே கதை. அவற்றில் ஒன்றை மட்டும், ஐந்திலையும் பூத்த கிளையும் சேர்ந்தபடி வெட்டிப் பேப்பருக்குள் வைத்தாள். போகும்போது, "தப்பாப் பேசிட்டேண்ணா, மன்னிச்சுடுங்க" என்றாள். "அத்த வுடும்மா, மோரு குடிச்சுட்டுப் போ" என்றார் அவர்.

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போதுதான் விஷயத்தின் மறுபாதி அவளுக்கு உறைத்தது. அவளுடைய புது இனம் போய்விட்டது, அது சாருடைய செடியின் முதல் வருஷத்துக் குச்சி, அவ்வளவுதான். அது தொலையட்டும். ஆனால் சாருடைய செடி புது இனம் ஆனதே இலை மூன்று என்பதால்தானே? அதற்கும் முதல் வருஷத்தில் ஐந்து என்றால், அது மேற்கு மலைகளின் பழைய இனமே. தன் இனத்தோடு அவர் இனத்தையும் சேர்த்தல்லவா அவள் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வருகிறாள்?

மறுநாள் கல்லூரியில் உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியத்தில் அலமாரியைத் திறந்து அந்த இனத்தின் ஷீட்டுகளை எல்லாம் மேஜைமேல் பரப்பினாள். இருபத்தேழு ஷீட். எல்லாமே பூத்த கிளை நுனிகள். பேப்பருக்குள் மடங்குகிற அளவுக்கு நுனியைத்தான் வெட்டுவார்கள், ஆள் உயரக் குச்சியை யார் அழுத்தி வைப்பார்கள்? தேதிகளைப் பார்த்தாள். ஏப்ரல், மே, மே, ஏப்ரல், மே. ஒரு ஜூலை இல்லை, ஒரு அக்டோபர் இல்லை. வாத்தியார்களும் மாணவர்களும் மலை ஏறுவது கோடை லீவில்தான். இத்தனை வருஷமாக இந்தச் செடியை லீவு நாளில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். குழந்தை பிறந்து ஏப்ரலைத் தவறவிட்டதால் அவள் ஒருத்திதான் வேலை நாளில் போய்ப் பார்த்தவள்.

இதை வெளியே சொல்லாமல் இருப்பது ரொம்பச் சுலபம். புது இனம் சரிவரவில்லை என்று அந்த அத்தியாயத்தைத் தூக்கிவிட்டு, மூன்று இனம் என்று சார் சொன்னதையே எழுதினால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. கையெழுத்து கிடைக்கும், பட்டம் கிடைக்கும், சாரும் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போவார். அவள் அப்படித்தான் எழுதவும் ஆரம்பித்தாள். இரண்டு நாள் எழுதினாள். பிறகு திறவுகோலுக்கு வந்தாள். செடியை அடையாளம் காண்பதற்காக இரண்டிரண்டு கேள்விகளாக எழுதும் பட்டியல் அது. முதல் கேள்வி, சிற்றிலை மூன்றா ஐந்தா? மூன்று என்றால் அடுத்த கேள்விக்குப் போ, ஐந்து என்றால் அது மேற்கு மலைச் செடி, இந்த மலையில் கிடையாது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக்கு எவளோ ஒருத்தி அக்டோபரில் அதே வேலியில் போய் நிற்பாள். அவளும் புது இனம் என்று நம்புவாள், அவளும் தகடு கட்டுவாள். ஜெயசுதா பேனாவை மூடி வைத்தாள். அந்த வரியைத் தெரிந்தே எழுத அவளால் முடியவில்லை.

சாரின் வீடு காட்பாடியில். ராஜேஸ்வரி அம்மாதான் கதவைத் திறந்தார். "வாம்மா, புதுச் செடிக்காரி! என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் வரப்போவுதாமே" என்று சிரித்தார். ஹாலில் சட்டத்துக்குள்ளிருந்த மூன்றிலைச் செடியை ஜெயசுதாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

காபி வந்தது, ஆறியது. அழுத்திக் கொண்டுவந்த குச்சியைப் பேப்பரோடு மேஜையில் விரித்தாள். நனைத்து விரித்த ஐந்திலை, அதன் கணுவில் பூத்த மூன்றிலைக் கிளை. கிருஷ்ணன் சார் லென்ஸை எடுத்துக் குனிந்தார். அவர் நிமிர ரொம்ப நேரமாயிற்று.

"இது ஒடஞ்ச குச்சி. ஒண்ணோட ஒண்ணு மாட்டிகினு வந்திருக்கும்" என்றார்.

"இல்ல சார். ஒன்பது குச்சி பாத்தேன்."

"தகட்ட மாத்திக் கட்டியிருப்பான் அந்த ஆளு."

"நானும் அப்படித்தான் சார் சண்ட போட்டேன். அவரு தொடவே இல்ல."

சார் லென்ஸை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார். "அவசரத்துல பாத்துட்டு வந்து அவசரத்துல பேசாத. சினாப்சிஸ் வேலைய கவனி" என்று எழுந்துகொண்டார். அந்தக் குரலை ஜெயசுதா ஆறு வருஷத்தில் கேட்டதில்லை. அவள் பேப்பரை மடிக்கக் குனிந்தபோது ராஜேஸ்வரி அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நேருல போய்ப் பாத்துட்டு வந்து திட்டுங்களேன். என்னியும் கூட்டிகினு போங்க. என் பேர வச்சிட்டு இருபத்து நாலு வருஷமா அத்த என் கண்ணுல காட்டல."

சார் உள்ளறைக்குப் போய்விட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அவருடைய கார் ஒடுகத்தூரில் ஜெயசுதாவின் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

மலை ஏறும்வரை காருக்குள் ராஜேஸ்வரி அம்மா மட்டும் பேசினார். சிங்காரத்தின் கொல்லையில் இறங்கியதும் சார் யாரிடமும் எதுவும் கேட்காமல் நாற்பத்தொன்றின் அடியில் மண்டியிட்டார். குச்சியைத் தகட்டிலிருந்து வேர்வரை, வேரிலிருந்து தகடுவரை விரலால் தடவிக்கொண்டே போனார். முழுக்கைச் சட்டை கிழிந்தது, மணிக்கட்டில் ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. நாற்பத்திரண்டுக்குப் போனார். நாற்பத்து மூன்றுக்குப் போனார். ஜெயசுதா தகடு கட்டாத வேறு ஐந்தாறு செடிகளையும் தானாகவே தேடிப் பார்த்தார். எல்லாவற்றின் அடியிலும் ஐந்திலைத் துளிர் இருந்தது. கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி குடிங்க சார்" என்று சிங்காரம் சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தார்.

"ஏம்பா, மழ விட்டப்புறம் இந்தக் குச்சியெல்லாம் எப்படி நிக்கும்?"

"ஆளு ஒசரம் நிக்கும் சார். எல அஞ்சு அஞ்சா, ஒள்ளங்கை அகலத்துக்கு. நீங்க ஒரு தபா வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. எப்பப் பாத்தாலும் வெயில் காலத்துலதான் உங்க காலேஜு ஆளுங்க வருவாங்க."

சார் ஜெயசுதாவைப் பார்த்தார். "ஷீட்டுல தேதி பாத்தியா?"

"பாத்தேன் சார். இருபத்தேழும் ஏப்ரல், மேதான்."

அவர் சிரித்தார். முதலில் அது சிரிப்பா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. "லீவு வுட்டாதானே வருவோம்" என்றார். "பூ இருக்கறப்பப் போனாதான் அடையாளம் காணலாம்னு பசங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்தேன். நல்ல வேள, நீ புள்ள பெத்து ஏப்ரல வுட்ட, இது தெரிஞ்சுது!" பிறகு சிரிப்பு நின்றது. "அன்னிக்கு வூட்டுல உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. இத்த நீ சொல்லாம உட்டிருந்தா எனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது. சந்தோஷமா போயிருப்பேன், முட்டாளாவும் போயிருப்பேன்."

ஜெயசுதா அழுதுவிட்டாள். ஒளிந்து நின்றெல்லாம் அழவில்லை, மூக்கு ஒழுக ஒழுக எல்லோர் எதிரிலும் அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்தது.

"நோட்ட குடு" என்றார் சார். அவளுடைய குறிப்பு நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பெயர் எழுத வேண்டிய இடம் அக்டோபரிலிருந்து காலியாக இருந்தது. அவர் மேற்கு மலைகளின் அந்தப் பழைய பெயரைத் தன் கையாலேயே எழுதினார். கீழே, அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் ஜெயசுதா என்று எழுதினார். சாட்சி மாதிரி ஓரத்தில் தன் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"அப்போ அம்மா பேரு, சார்?"

"அது எங்கியும் போவாது. தப்பா வச்ச பேரையும் தூக்கிப் போட மாட்டாங்க, இதுக்கு இன்னொரு பேருன்னு ஒரு மூலையில எழுதி வச்சிருப்பாங்க."

வேலி ஓரத்தில் பழம் பறித்துத் தின்றுகொண்டிருந்த ராஜேஸ்வரி அம்மா திரும்பினார். உதடெல்லாம் ஊதாவாகியிருந்தது. "மூலையிலயா? ஹால்ல இருந்தாச்சு, மூலையிலயும் இருந்து பாக்கறேன். பழம் நல்லா இருக்குதுங்க, இத்த சொல்லவே இல்லியே நீங்க" என்றார்.

சார் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "புது இனம் கண்டுபிடிச்சேன்னு எழுதறதவிட, இருக்கறதக் கொறச்சு எழுதறதுக்குத் தெம்பு வேணும். மொத அத்தியாயமே இதுதான் உனக்கு. திறவுகோல்ல எலய எண்ணறதுக்கு முன்னாடி, குச்சி மொத வருஷமா ரெண்டாம் வருஷமான்னு கேளு. சினாப்சிஸ மே மாசத்துலயே குடு, கையெழுத்துப் போட்டுடறேன்." அவர் வேலிப் பக்கம் திரும்பினார். "மத்த ரெண்டு இனம்? அதுவும் மே மாசத்து ஷீட்டுதானே?"

"எல்லாமே சார். அலமாரி பூரா மே மாசந்தான்."

"அப்போ அந்த ரெண்டும் ரெண்டுதானா, ஒண்ணா, இல்ல நாலா?" என்று கேட்டார். கேட்ட குரல் மாறியிருந்தது. புதிதாக எதையோ பார்த்துவிட்ட ஆளின் குரல் அது. சிங்காரத்திடம் திரும்பி, "ஏம்பா, புதுக் குச்சிங்களப் பாக்கணும்னா எப்போ வர்றது?" என்றார்.

"பொரட்டாசி கழிஞ்சி வாங்க. ஆனா அது காலேஜு இருக்கற நாளாச்சே சார்?"

பணி ஓய்வைப் பற்றிக் கல்லூரியில் யார் பேச்செடுத்தாலும் எரிந்து விழுகிறவர் கிருஷ்ணன் சார். விழா எடுக்கிறோம் என்று வந்தவர்களைக்கூடத் துரத்தியிருக்கிறார். ஜெயசுதா பயத்தோடு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டிலிருந்த ரத்தத்தை அப்போதுதான் கவனித்து, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"வர்றேம்பா. ஜூன்லேர்ந்து எனக்கு வருஷம் பூரா லீவுதான்" என்றார்.